காவேரி அக்கா பல்லை உட்காரவைத்த இடம்

செய்தி வந்தபோது தங்கராஜின் சட்டைக் காலர் என் இடது கையில் இருந்தது; வலது கை அவன் மூக்குக்கு நேராக ஓங்கியிருந்தது. அரண்மனைத் தெற்கு வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு இது புதுக் காட்சி இல்லை. சூரத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை யார் வண்டியில் ஏற்றுவது என்று ஆரம்பித்து, அவன் என் அப்பாவரைக்கும் போய்விட்டான், நான் அவன் பாட்டன்வரைக்கும் போய்விட்டேன். அந்தக் குடும்பம் வேறு வண்டி பிடித்துப் போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது. அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. நான் நியாயமாகச் சண்டை போடுகிறவன். "எடு, பேசிட்டு வா, அப்புறம் குத்தறேன்" என்று காலரைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

பேசியது காவேரி அக்காவின் மகன் மாதேஷ். என் போனுக்கு ஏன் அடிக்கவில்லை என்று கேட்காதீர்கள். சார்ஜ் இல்லாமல் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கராஜ் இரண்டு தடவை "எப்போ, எப்போ" என்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "அக்கா போயிடுச்சு குரு" என்றான். நான் காலரை விட்டேன். விட்டேன் என்பதுகூடச் சரியில்லை, கை தானாகக் கீழே விழுந்தது. இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். அவன் ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருஷத்தில் அவன் வண்டியில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை.

தேவராஜ மார்க்கெட்டில் தேங்காய்க்காரன் ஒருவன் அழுகல் காயை அக்கா தலையில் கட்டப் பார்த்திருக்கிறான். அக்கா அந்தக் காயை அவன் தராசுத் தட்டிலேயே ஓங்கி அடித்து உடைத்து, உள்ளே கறுத்துக் கிடப்பதைக் காட்டி, "இதை உன்ற வாயில ஊத்தட்டுமா" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழவில்லை. சாவு வீட்டில் எல்லாரையும்விட அதிகமாக அழுதது அந்தத் தேங்காய்க்காரன்தான். படுக்கையில் கிடந்து போகிற உடம்பா அது. சண்டையில் போனார்; அதுவும் ஜெயித்துக்கொண்டிருந்த சண்டையில்.

அக்காவைப் பற்றி நம் ஆட்டோ சங்கத்து மலரில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்கள். இரண்டு பேர்தான் சொன்னார்கள் என்பாள் என் மனைவி சரோஜா. இருக்கட்டும். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன், ஆனால் அதை மூன்று வருஷம் படித்தவன். அந்த வகுப்பை என்னைப் போல் தெரிந்தவர் மைசூரில் கிடையாது. அக்காவிடம் அடி வாங்கியவர்கள் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். உங்கள் எல்லாரையும்விட அதிகமாக வாங்கியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதல் அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போன பிறகு நான் ஆட்டோவுக்கு வந்த சமயம். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தேன். இதையும் சரோஜா ஒரு மாடி குறைப்பாள். ஏரிக்குப் பக்கத்தில், பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்குகிற அந்தப் பெரிய இடம் இருக்கிறதே, அதன் வாசலில் வண்டி போட்டிருந்தேன். தங்கராஜ் கோலார் தங்கவயல்காரன். அங்கே பிறந்தவர்களுக்கு இங்கிலீஷ் தொட்டிலிலேயே வந்துவிடும். அந்தத் திமிரோடு என் வரிசையில் முன்னால் வந்து வண்டியை நுழைத்தான். நான் இறங்கினேன், அவனும் இறங்கினான். கையோடு வாயும் வேலை செய்தது. தமிழில் இருக்கிறது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கன்னடத்துக்குப் போனோம்.

அப்போது ஈரத்தோடு ஒரு மாப் கட்டை என் முதுகில் விழுந்தது. திரும்புவதற்குள் அதே கட்டை தங்கராஜின் தோளில் விழுந்தது. நீல யூனிபார்ம் சேலை, இடுப்பில் செருகின கொசுவம், சின்ன உருவம். எங்கள் இரண்டு பேரையும் நடு ரோடுவரைக்கும் அடித்துத் தள்ளிக்கொண்டு போனார். "உள்ள ஒரு கொழந்தை ஆறு மாசமா வாயத் தொறக்கல. இன்னைக்குத்தான் ஏதோ சத்தம் வருது. நீங்க பேசறதக் கேட்டு இதையே மொதல் வார்த்தையாப் புடிச்சுக்கிட்டா, அதோட ஆத்தா வந்து கேப்பா, நீ பதில் சொல்லுவியாடா?" என்றார். தங்கராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டான், ஸ்டார்ட்கூடப் பண்ணவில்லை. சாயங்காலம் அதே அம்மா வந்து என் வண்டியில் உட்கார்ந்து, "வூட்டுக்கு விடு" என்றார். எந்த வீடு என்று கேட்கப் பயந்து பத்து நிமிஷம் சும்மா ஓட்டினேன்.

கொள்ளேகாலில் பட்டுத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர் அக்கா. கட்டிக்கொடுத்து மைசூர் வந்தார். புருஷன் போன பிறகு அந்த இடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஒவ்வொரு அறையாகப் பெருக்கும்போது டீச்சர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதை எல்லாம் காதில் வாங்கிக்கொள்வார். "க எங்க பொறக்குது, ச எங்க பொறக்குது, எல்லாம் எனக்குத் தெரியும்டா. தொடப்பத்த வெச்சுக்கிட்டு நின்னே படிச்சேன்" என்பார். ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு பிள்ளைக்கு நாக்கை எங்கே வைப்பது என்று காட்டியிருக்கிறார். பிள்ளை சரியாகச் சொல்லிவிட்டது. ஆனால் அது அவர் வேலை இல்லை என்று மேலே உள்ளவர்கள் மெதுவாகச் சொல்லிவிட்டார்கள். மெதுவாகச் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன்" என்றார். பிள்ளைகள் மேல் அவர் கை பட்டதே கிடையாது. அவர் அடித்தது எல்லாம் மீசை முளைத்தவர்களைத்தான்.

இனி என் கதை. அரண்மனைக்குத் தெற்கே ஒரு பெரிய ஹோட்டல். பெயர் வேண்டாம். அதன் வாசலில் வண்டி போட்டு, தங்க வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி ஊர் காட்டுவது என் பிழைப்பு. தங்கராஜுக்கும் அதே வாசல்தான் பிழைப்பு. அரண்மனையைப் பற்றி என்னைப் போல் சொல்ல ஆள் கிடையாது. பழைய அரண்மனை தீப்பிடித்த கதையைச் சொல்லும்போது, எங்கள் கொள்ளுத்தாத்தா ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்வேன். அவர் மேட்டூர்ப் பக்கம் இருந்தார், இருந்தாலும் ஓடிவந்தார். கேட்கிறவர்கள் கண்கலங்குவார்கள். ஆனால் பாதிப் பேர் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

ஹோட்டல் மேனேஜர் சேஷாத்ரி, மேலுகோட்டை ஐயங்கார், நல்ல மனுஷர். எங்கள் சண்டை அவர் கண்ணாடிக் கதவுவரைக்கும் போய் ஒரு பூந்தொட்டி உடைந்த அன்றைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார். "இனிமே இந்த வாசலுக்கு ஒருத்தர்தான். ஒரு மாசம் டைம். கெஸ்ட் முன்னாடி நின்னு அரண்மனையைப் பத்தி அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசணும். யார் பேசறச்சே அவா சிரிக்கலையோ அவருக்கு வாசல். மத்தவர் இந்த ரோட்டுலயே வண்டி போடப்படாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உமக்கு எஃப் சத்தம் வரலை, அதுதான் சிரிக்கறா" என்றார்.

வாசல் போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது. திரும்பவும் கலவைச் சட்டி. முழங்கால் மடங்காதவனைச் சாரத்தில் யார் ஏற்றுவார்கள். சரோஜா அன்றைக்குச் சமைக்கவில்லை. நானும் தங்கராஜை அடிக்கப் போகவில்லை, அவ்வளவு பயம்.

மறுநாள் அக்காவை வீட்டில் விடும்போது கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழவு வூடு மாதிரி ஏண்டா ஓட்டற" என்றார். சொன்னேன். "எங்க, சொல்லு, தீப்பிடிச்சதுக்கு இங்கிலீசுல என்ன?" என்றார். "பயர்" என்றேன். பின்னாலிருந்து பிடரியில் ஒரு அடி. "இன்னொருக்கா." "பயர்." இன்னொரு அடி. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். முன்னால் வந்து, என் தாடையைப் பிடித்து ஆட்டோவின் சைடு கண்ணாடிக்கு நேராகத் திருப்பினார். "பாரு. ரெண்டு உதட்டையும் சாத்தற. கதவச் சாத்திட்டா காத்து எப்படிடா வரும்? மேல் பல்ல எடுத்துக் கீழ் உதட்டு மேல உக்கார வை. அழுத்தாத. காத்த விடு." விட்டேன். எச்சில்தான் வந்தது, கண்ணாடி நனைந்தது. அதற்கும் அடித்தார்.

அடுத்த நாளிலிருந்து அவர் வேலை முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாடம். டிபன் கேரியர் மூடி மேல் மெழுகுவத்தி ஒன்றைக் கொளுத்தி என் வாய்க்கு முன்னால் வைப்பார். "ப சொன்னா தீ குதிக்கும். இது சொன்னா தீ சாயணும், சாஞ்சே நிக்கணும்." எனக்குத் தீ குதித்தது, குதித்தது, அணைந்தது. ஒவ்வொரு தடவை அணையும்போதும் முதுகில் ஒரு அறை. "உள்ள கொழந்தைங்களுக்குக் கீழ் உதட்டுல தேன் தடவுவாங்க, பல்லு தானா அங்க போகும். உனக்கெதுக்குத் தேன்" என்று பச்சை மிளகாயை நறுக்கித் தேய்த்தார். பல் அங்கே போகவில்லை, நான் குழாயடிக்குப் போனேன். துரத்திக்கொண்டு வந்து அடித்தார். காது கேட்கும் மெஷினுக்காக வந்திருந்த ஒரு தாத்தா, "இது என்னம்மா வைத்தியம்?" என்று கேட்டாராம். "இவனுக்குக் காது கேக்குதுங்க, வாய்தான் சண்டித்தனம் பண்ணுது" என்றாராம் அக்கா.

ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன், "ஏன் அக்கா எனக்காக இவ்வளவு?" என்று. "உனக்காக யாருடா பண்றா? இத்தன வருசம் கேட்டது எல்லாம் உள்ளயே கெடந்து முட்டுது. நீ கெடச்ச" என்றார். அதற்கு மேல் கேட்டால் மிளகாய் வரும் என்று விட்டுவிட்டேன்.

இதற்குள் விஷயம் தங்கராஜ் காதுக்குப் போய்விட்டது. ஒரு சாயங்காலம் பேச்சுப் பழக்குகிற இடத்து வாசலில் பிள்ளைகளைக் கூட்டிவந்த அப்பா அம்மாக்கள் பத்துப் பேர் நிற்கும்போது வண்டி மேல் ஏறி உட்கார்ந்து என்னைப் போல் பேசிக் காட்டினான். "ஓல்ட் பேலஸ் புல் உட். பிக் பயர். பினிஷ்." சொல்லிவிட்டு, "இன்னா குரு, சரியா சொல்றனா?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். நான் பாய்ந்தேன். எனக்கு முன்னால் பாய்ந்தது அக்காவின் மூன்றடுக்கு டிபன் கேரியர். நெற்றியில் பட்டு, அடுக்கு கழன்று, மிச்சம் இருந்த ராகிக் களியும் ரத்தமும் ஒன்றாக அவன் முகத்தில் வழிந்தது. அவன் கீழே விழுந்த பிறகும் அக்கா விடவில்லை. அவன் நெஞ்சு மேல் முழங்காலை வைத்து, காலரைப் பிடித்து உலுக்கினார்.

"அவனை நான் அடிப்பேன், மிதிப்பேன், அது எனக்கும் அவனுக்கும். நீ சிரிக்கக் கூடாது. பேச வராதவனைப் பாத்து இந்த வாசல்ல எவன் சிரிச்சாலும் பல்லு இருக்காது. கேட்டுதா?"

"கேட்டுச்சுக்கா" என்றான் தங்கராஜ், பிள்ளைபோல.

சிரித்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு என் வண்டியிலேயே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி பூராவும் அக்கா அவன் தலையை மடியில் வைத்து, முந்தானையால் நெற்றியை அமுக்கிக்கொண்டு, விடாமல் திட்டினார். தையல் போடும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். நாலு தையல். பன்னிரண்டு என்று ஊரெல்லாம் சொன்னது நான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் தீ சாய்ந்தது. சாய்ந்து, அப்படியே நின்றது. அக்கா மெழுகுவத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மறுபடி" என்றார். மறுபடியும் சாய்ந்தது. ஃபயர். ஃபுல். ஃபினிஷ். அன்றைக்கு முதுகில் விழுந்த அடி வேறு மாதிரி இருந்தது, வாங்கியவனுக்குத்தான் தெரியும். ஆனால் வந்த சனியன் எல்லா இடத்திலும் வந்தது. பேலஸ் ஃபேலஸ் ஆனது. பார்க் ஃபார்க் ஆனது. பெட்ரோல் பங்கில் போய் ஃபெட்ரோல் கேட்டேன், அவன் இல்லை என்றுவிட்டான். பல்லை எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு மறுபடி நாலு நாள் அடி.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. அக்கா முன்னால் வந்தது, மற்றவர்கள் முன்னால் வரவில்லை. நாலு பேர் பார்த்தால் உதடு தானாகச் சாத்திக்கொள்ளும். மேனேஜர் சொன்ன நாளுக்கு முந்தின நாள் அக்கா வாசலில் நின்ற எல்லாரையும் கூட்டினார். பெற்றவர்கள், பூக்காரம்மா, வாட்ச்மேன், இருபது பேர் இருக்கும். "இவன் பேசப் போறான், சிரிச்சவங்க என்னைப் பாருங்க" என்றார். நான் ஆரம்பித்தேன். "பயர்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் எல்லார் முகத்திலும் பாவம் பார்க்கிற மாதிரி ஒன்று வந்தது. அது சிரிப்பைவிட மோசம். "பயர்" என்றேன் மறுபடி. கண்ணில் தண்ணீர் முட்டியது. "முடியாது அக்கா. மண்ணு சுமக்கப் போயிடறேன்" என்றேன்.

"பல்லை வை" என்றார். வைத்தேன். மேல் பல் கீழ் உதட்டின் மேல் உட்கார்ந்தது. காற்றை விடப் போகிறேன், அப்போது கீழேயிருந்து மேலாகத் தாடையில் ஒரு குத்து விட்டார். குஸ்திக்காரன்கூட அப்படிக் குத்த மாட்டான். முன்பல் இரண்டும் உதட்டில் இறங்கின. உள்ளே ஏதோ கிழிகிற சத்தம் எனக்கே கேட்டது. சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். பூக்காரம்மா கத்தினாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. "இப்பத் தெரியுதா எடம்?" என்றார். "எத்தனை பேர் பாத்தாலும் இனி உன்ற பல்லு தேட வேண்டாம். வலிக்கிற எடத்துக்குப் போகச் சொல்லு." குழாயிலிருந்து அவரே தண்ணீர் பிடித்துவந்து வாயைக் கழுவிவிட்டார். வீட்டுக்கு விடும்போது இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு அங்க, யார் சொல்லிக் குடுத்தான்னு கேப்பாங்களாடா?" என்றார். "கேப்பாங்க அக்கா" என்றேன். சைடு கண்ணாடியில் பார்த்துக் காதோரம் நரைத்த முடியை ஒதுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

ஹோட்டல் புல்வெளியில் நாற்காலி போட்டு வெள்ளைக்காரர்கள் இருபத்தைந்து பேர். ஐம்பது என்று எழுதலாம் என்று பார்த்தேன், இன்றைக்கு வேண்டாம். தங்கராஜ் நெற்றிக் கட்டோடு முதலில் பேசினான். தண்ணீர் மாதிரி இங்கிலீஷ். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு நான் எழுந்தேன். கீழ் உதடு இட்லி மாதிரி வீங்கியிருந்தது. கேட்டுக்கு வெளியே அக்கா நிற்பது தெரிந்தது. யூனிபார்ம் இல்லை, கல்யாணத்துக்கு எடுத்த கொள்ளேகால் பட்டு, அரக்குக் கலர். அந்தச் சேலையை அவர் கட்டி அன்றுதான் பார்த்தேன்.

"ஓல்ட் பேலஸ், ஃபுல் உட்" என்றேன். பல் வலிக்கிற இடத்துக்குத் தானாகப் போனது. உயிர் போகிற வலி. "பிக் ஃபயர்." மறுபடி வலி. "ஃபினிஷ்." காயம் திறந்துகொண்டது, வாயில் உப்புக் கரித்தது. புது அரண்மனை கட்டி முடிக்க ஃபிஃப்டீன் இயர்ஸ் என்று சொன்னபோது தாடையில் ரத்தம் இறங்கியது. துடைக்கவில்லை. கொள்ளுத்தாத்தாவைக் குடத்தோடு தீக்குள் ஓடவிட்டேன். வெள்ளைக்கார அம்மா ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள், அவள் அழுதாள், சத்தியமாக அழுதாள். முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தங்கராஜும் தட்டினான்.

சேஷாத்ரி என் தோளைத் தட்டி, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். "ஒரே மாசத்துல எப்படி ஐயா? யார் சொல்லிக் கொடுத்தா?"

இதுவரைக்கும் எழுதியதில் கொஞ்சம் கூட்டியும் இருக்கும், கொஞ்சம் பூசியும் இருக்கும். இது அப்படியே நடந்தது. நான் கேட்டுப் பக்கம் பார்த்தேன். பட்டுச் சேலையில் அக்கா ஒரு கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் கோட்டு, கேமரா, கைதட்டல். கூட்டிப் பெருக்குகிற ஒரு அம்மா சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "யாரும் இல்ல சார்" என்றேன். "எல்லாம் சொந்த முயற்சி. ரேடியோ கேட்டுக் கத்துக்கிட்டேன்."

வாசல் எனக்குக் கிடைத்தது. கேட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அக்கா இல்லை.

மறுநாள் சாயங்காலம் பேச்சுப் பழக்குகிற இடத்து வாசலில் வண்டியைப் போட்டு, பிடரியை அவருக்கு வாகாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப் கட்டை வரும், கேரியர் வரும், எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு பண்ணியிருந்தேன். யூனிபார்மில் வந்தார், ஏறி உட்கார்ந்தார், "வூட்டுக்கு விடு" என்றார். வழியில், "யானை அம்பாரியைச் சொல்றப்ப ரெண்டு எடத்துல பல்லு நழுவிருச்சு. பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். இறங்கும்போது, "வரட்டுமா கண்ணு" என்றார். அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது கிடையாது.

அதன் பிறகு அவர் என்னை அடிக்கவேயில்லை. பதினெட்டு வருஷம். தங்கராஜுக்கு அடுத்த ரோட்டில் வேறு ஒரு லாட்ஜ் வாசலைச் சண்டை போட்டுப் பிடித்துக்கொடுத்தது அக்காதான். அந்த லாட்ஜ் வாட்ச்மேனையும் அடித்தார், குடித்துவிட்டு வந்ததற்காகத் தங்கராஜையும் அடித்தார். மாதேஷ் கல்யாணத்தில் சமையற்காரனைக் கரண்டியால் அடித்தார். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு திக்குவாய்ப் பிள்ளையைக் கேலி செய்த கண்டக்டரை அடித்ததில் பஸ்ஸே அரைமணி நேரம் நின்றது. ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் பிடரிப் பக்கம் அந்தக் கை திரும்பவில்லை. மரியாதையாகப் பேசினார், பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தார். வேண்டுமென்றே இரண்டு மூன்று தடவை அவர் முன்னால் "பயர்" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

சுடுகாட்டில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். எனக்கு இங்கிலீஷில் அந்தச் சத்தத்தைச் சொல்லிக்கொடுத்தது இந்த அக்காதான், ரேடியோ இல்லை என்று. பெரிய கூட்டம், நல்ல சத்தமாகவே சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. "அது எல்லாருக்கும் தெரியும் குரு. நீ சொல்லலங்கிறதும் தெரியும்" என்றான் தங்கராஜ். அவன் என்னைக் குத்தட்டும் என்று நின்றேன். அவனும் குத்தவில்லை.

அக்கா வீட்டில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். நசுங்கிய டிபன் கேரியர் தங்கராஜிடம் இருக்கிறது. பட்டுச் சேலை மருமகளிடம். என்னிடம் இருப்பது கீழ் உதட்டுக்கு உள்ளே, நடுவில் கொஞ்சம் இடப்பக்கமாக, மிளகு அளவு ஒரு முடிச்சு. டாக்டர் எடுத்துவிடலாம் என்றார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஒவ்வொரு நாளும் ஹோட்டல் வாசலில் நின்று ஃபுல் உட், பிக் ஃபயர் என்று சொல்லும்போது பல் போய் அதன்மேல் உட்காரும். இப்போது அது வலிப்பதில்லை. ஆள் இல்லாத நேரத்தில் சைடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, வலிக்கிறதா என்று அழுத்திக் கடித்துப் பார்க்கிறேன்.